தமிழாசிரியைக்கு வந்த நீர்க்கடுப்பு

காலை ஏழரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பி மாலை ஐந்தரைக்குத் திரும்பும்வரை ஒருமுறைகூடக் கழிவறைக்குப் போகாமல் என்னால் இருக்க முடியும். பதினோரு வருடம் அப்படித்தான் இருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஆறு மணிக்கு ஒரு டம்ளர் காபி. மதியம் தயிர்சாதம் தொண்டையில் இறங்குவதற்கு ஒரு வாய் தண்ணீர். அவ்வளவுதான். மற்றவர்கள் விரதம் இருப்பதைப் பேசிக்கொள்வதுபோல் நான் இதை மனதுக்குள் பேசிக்கொள்வேன்.

வீடு மன்னார்குடிக்கு மேற்கே ஒரு கிராமத்தில். பள்ளிக்கூடம் கிழக்கே, திருவாரூர் போகும் வழியில், சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி. நான் அங்கே ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் தமிழ் எடுக்கிறேன். அப்போது ஆசிரியைகள் எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரே கழிவறை, சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால். கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை மட்டும் இருந்தது. கையால் கதவைப் பிடித்துக்கொள்ளலாம் என்றால் அறை நீளமாகப் போய்விட்டது, கை எட்டாது. ஆகவே வெளியே காவலுக்கு ஓர் ஆள் வேண்டும். உள்ளே குழாயைத் திறந்தால் ஒரு பெருமூச்சு வரும், தண்ணீர் வராது. தண்ணீர் வேண்டுமென்றால் அடிபம்பில் வாளியை நிரப்பி மைதானத்தைக் குறுக்காகக் கடந்து தூக்கிப் போக வேண்டும். வாளியோடு நடக்கும் டீச்சர் எங்கே போகிறார் என்று பத்தாம் வகுப்புப் பையன்கள் அனைவருக்கும் தெரியும். சிலர் எழுந்து நின்று வணக்கமும் சொல்வார்கள்.

கழிவறைக்குள் ஒரு தவளை குடியிருந்தது. எங்களில் பாதிப் பேர் தற்காலிகப் பணியில் இருந்தோம். தவளைதான் நிரந்தரம்.

இந்த நிலையில் போகாமல் இருப்பதே புத்திசாலித்தனம் என்று எனக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து திறந்த வாரம். ஒன்பதாம் வகுப்பில் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். அன்றைய பாடம் இடக்கரடக்கல். பலர் முன்னால் சொல்லக் கூசும் ஒன்றை வேறு சொல்லால் நாகரிகமாக மறைத்துச் சொல்வது. "எடுத்துக்காட்டு ஒண்ணு சொல்லுங்க" என்றேன். முதல் வரிசைப் பெண் எழுந்து, "கால் கழுவி வந்தான், டீச்சர்" என்றாள். "நல்லது, உட்காரு" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அடிவயிற்றில் ஒரு சுருக். யாரோ உள்ளே ஊசியால் தைக்கிறார்கள் என்று தோன்றியது. மேசையைப் பிடித்துக்கொண்டு மீதிப் பாடத்தை நடத்தி முடித்தேன்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து கழிவறைக்குப் போனபோது எரிந்தது. போய்விட்டு வந்து உட்கார்ந்தால் மறுபடி போக வேண்டும் போலிருந்தது. போனால் நாலு சொட்டு. அதுவும் எரிச்சலோடு.

எங்கள் பக்கத்தில் உடம்புக்கு எது வந்தாலும் முதலில் சூடு என்றுதான் சொல்வோம். என் கணவரும் அதையே சொன்னார். அவர் சொந்தமாகப் பத்து மா நிலம், மூன்று ஏக்கருக்குக் கொஞ்சம் மேல், வைத்து விவசாயம் பார்ப்பவர். மண்ணுக்கும் மனிதருக்கும் ஒரே வைத்தியம் செய்வார். "சூடுதான். தண்ணி காட்டுனா சரியாப் போயிடும்" என்று தென்னை மரத்திலிருந்து இளநீர் இறக்கினார். வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன். பார்லி கொதிக்கவைத்துக் குடித்தேன். இரண்டு கால் கட்டைவிரலிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்ச் செருப்பு வழுக்கி வாசற்படியில் விழப் பார்த்தேன். நாலாம் நாள் காய்ச்சல் வந்து குளிரில் பல் தந்தியடித்தது. அதற்கு மேல் வீட்டில் வைத்துப் பார்க்க இருவருக்கும் தைரியம் இல்லை. பைக்கில் மன்னார்குடிக்குக் கூட்டிப்போனார்.

அந்தப் பெண் மருத்துவர் நல்லவர், கெட்டிக்காரர். ஆனால் அவருடைய குரல் ஒரு ஊருக்கே போதும். அறையையும் வெளியே நோயாளிகள் உட்கார்ந்திருக்கும் இடத்தையும் ஒரு பிளைவுட் பலகைதான் பிரித்தது. அதுவும் மேலே கொஞ்சம் திறப்பு.

"சொல்லுங்கம்மா, என்ன பண்ணுது?"

"கொஞ்சம் அசௌகரியமா இருக்குங்க டாக்டர்."

"எங்க?"

"கீழ."

"கீழன்னா? முட்டியா, பாதமா?"

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணுக்குப் போறப்ப எரியுதாங்க" என்றார்.

"நீர்க்கடுப்புன்னு சொல்லுங்க. இதுல என்ன இருக்கு? ஒரு நாளைக்கு எத்தனை தடவை போவீங்க?"

"காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு."

"நான் மாத்திரையைக் கேக்கலம்மா. யூரின் போறதைக் கேக்கறேன்."

"நானும் அதைத்தாங்க சொல்றேன்."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். "என்ன வேலை பாக்கறீங்க?"

"டீச்சர்."

"அதானே பாத்தேன். டீச்சருங்க, துணிக்கடையில நிக்கிற பொண்ணுங்க, நடவுக்குப் போற பொம்பளைங்க. எல்லாரும் தண்ணியும் குடிக்க மாட்டீங்க, போகவும் மாட்டீங்க. பையில யூரின் தேங்கிக் கிடந்தா கிருமிக்குக் கொண்டாட்டமா இருக்காதா? நிறையக் குடிச்சு நிறையப் போனாத்தான் அது உள்ளேர்ந்து கழுவி விடும்."

அதுவரை காலண்டரில் ஒளிந்திருந்த என் கணவர் சட்டென்று திரும்பினார். "வடிகால் இல்லாத வயல் மாதிரிங்களா?"

"அதேதான்!"

அந்த நிமிடத்திலிருந்து அந்த அறையில் அவர் ஒருவர்தான் நிம்மதியாக இருந்தார். சட்டைப்பையிலிருந்து உரக்கடையில் கொடுத்த சின்ன டைரியை எடுத்து, மருத்துவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொள்ள ஆரம்பித்தார்.

"மூணு மணி நேரத்துக்கு ஒருதரமாவது போயிடணும். அடக்கவே கூடாது. கழுவறப்ப முன்னாலேர்ந்து பின்னால கழுவணும். பின்னாலேர்ந்து முன்னால கொண்டாந்தா அங்க உள்ள கிருமி நேரா இங்க வந்துடும். வாசனை சோப்பு, டிவியில காட்டற லிக்விட், பவுடர் எதுவும் அங்க வேண்டாம். வெறும் தண்ணி போதும். கழுவுன பிறகு ஈரம் போகத் துடைக்கணும். உள்ளாடை காட்டன்ல போடுங்க, இறுக்கமா வேண்டாம். தூரம் ஆகற நாள்ல நாப்கினைக் காலையில வச்சுட்டுச் சாயங்காலம் வரைக்கும் வச்சிருக்கக் கூடாது, நாலஞ்சு மணி நேரத்துல மாத்திடணும்."

என் கணவர் தலையாட்டித் தலையாட்டி எழுதினார்.

"அப்புறம், புருஷன் பொண்டாட்டி சேர்ந்து இருந்தீங்கன்னா, முடிஞ்சதும் அப்படியே தூங்கிடாதீங்க. எழுந்து போய் ஒருதரம் யூரின் போயிட்டு வந்து படுக்கணும்."

பேனா நின்றது.

"ஏன் நிறுத்திட்டீங்க? எழுதிக்குங்க."

எழுதினார். பிறகு நான் அந்த டைரியைப் பார்த்தேன். டி.ஏ.பி. உரம் வாங்க வேண்டும் என்ற குறிப்புக்குக் கீழே, சின்ன எழுத்தில், "பிறகு எழுந்து போகணும்" என்று மட்டும் இருந்தது. எதற்குப் பிறகு என்று இல்லை.

அறையை விட்டு வெளியே வந்தபோது காத்திருந்த பதினைந்து பேரும் எங்களையே பார்த்தார்கள். மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என் புடவையைப் பிடித்து இழுத்து, "முன்னாலேர்ந்து பின்னாலன்னுதானே சொன்னாங்க? ஃபேன் சத்தத்துல சரியாக் கேக்கல" என்றார். ஆமாம் என்றேன். அவர் பக்கத்திலிருந்த மகளிடம், "பாத்தியா, நான் சொன்னேன்ல?" என்றார்.

மருத்துவர் ஒரு சின்ன பாட்டிலைக் கொடுத்திருந்தார். மறுநாள் காலை முதலில் போகும்போது, தொடக்கத்தில் கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் மன்னார்குடி லேப்பில் சேர்க்க வேண்டும். அதைக் கொடுத்த பிறகுதான் கிருமிக்கான மாத்திரையைத் தொடங்க வேண்டும். காய்ச்சலுக்கு மட்டும் அன்றே மாத்திரை கொடுத்தார். மறுநாள் என் கணவரால் வர முடியவில்லை. சம்பா அறுவடைக்கு மெஷின் வரும் நாள் அது. வருகிற நேரத்தில் ஆள் வயலில் இல்லையென்றால் மெஷின் அடுத்த ஊருக்குப் போய்விடும். நான் மினிபஸ்ஸில் கிளம்பினேன்.

பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, அதை மஞ்சள் பையில் வைத்து, பையை மடியில் வைத்திருந்தேன். பக்கத்தில் ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். அடுத்த தெருவில் இருப்பவர், முகம் தெரியும், அவ்வளவு பழக்கமில்லை. பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில் பை சாய்ந்து, தாள் விலகி, பாட்டிலின் பாதி வெளியே தெரிந்தது.

"என்ன டீச்சர், நெய்யா?"

யோசிக்க நேரம் இருந்திருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பேன். "ஆமாங்க" என்றேன்.

"பசு நெய்யா?"

"ஆமாங்க."

"அதான் மஞ்சளா இருக்கு. யாருக்கு?"

"மன்னார்குடியில ஒருத்தருக்கு."

"கொஞ்சம் மோந்து பாத்துட்டுத் தரட்டுமா? நல்லா இருந்தா எனக்கும் ஒரு கால் கிலோ சொல்லுங்க."

"வேணாங்க!" என்று பையை மார்போடு அணைத்துக்கொண்டேன். "திறந்தா கெட்டுடும்."

அவர் என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். "தை மாசப் பனியில நெய் எப்படிங்க டீச்சர் உருகி நிக்கிது? எங்க வீட்டு நெய் கல்லு மாதிரில்ல கிடக்கு?"

நான் பதில் சொல்வதற்குள் பஸ் நின்றது. எதிரே அறுவடை மெஷின். அது எங்கள் வயலுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது என்பது பிறகு தெரிந்தது. சாலையின் ஒரு பக்கம் வாய்க்கால். மறுபக்கம் பாதிச் சாலை வரை யாரோ நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள். மெஷின் ஒதுங்க இடமில்லை. பஸ் டிரைவர் பின்னால் எடுக்க மாட்டேன் என்றார். மெஷின் டிரைவர் தன்னாலும் முடியாது என்றார். இருவரும் இறங்கிப் பேச ஆரம்பித்தார்கள். நான் மணியைப் பார்த்தேன். ஒரு மணி நேரமும் பத்து நிமிடமும் ஆகியிருந்தது. இரண்டு நிமிடம் கழித்து மறுபடி பார்த்தேன். பிறகு மறுபடி.

"அவசரமா டீச்சர்?"

"லேப்புல ரெண்டு மணி நேரத்துக்குள்ள குடுத்தாகணுங்க" என்று வாய் தவறி வந்துவிட்டது.

"லேப்புக்கு எதுக்கு நெய்யி?" என்று கேட்டவர், கேட்டு முடிப்பதற்குள் புரிந்துகொண்டார். முகம் மலர்ந்தது. "அட! ஒண்ணுக்கா!"

பஸ்ஸில் எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. நான் ஜன்னல் வழியாக வாய்க்காலைப் பார்த்தேன். அதில் குதிக்கலாமா என்றிருந்தது. ஆனால் அந்த அம்மா எழுந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, படியில் நின்று கத்தினார்.

"ஏம்ப்பா டிரைவர்! டீச்சரோட ஒண்ணுக்கு கெட்டுப்போவுது, நீங்க நின்னு நியாயம் பேசிக்கிட்டு இருக்கீங்க! வண்டியப் பின்னால எடு!"

டிரைவர் ஏறி, பஸ்ஸைப் பின்னால் எடுத்து, பாலத்தருகே ஒதுக்கினார். மெஷின் எங்களைக் கடந்தபோது அதன் டிரைவர் ஜன்னலில் என்னைத் தேடி, மன்னிக்கச் சொல்கிற மாதிரி நெஞ்சில் கை வைத்தார். மன்னார்குடியில் அந்த அம்மா லேப் வாசல் வரை கூடவே வந்தார். இரண்டு மணி நேரம் முடிய எட்டு நிமிடம் இருந்தது. "நல்லா டெஸ்ட் பண்ணுங்க தம்பி, ரொம்பக் கஷ்டப்பட்டுக் கொண்டாந்திருக்கோம்" என்று அங்கிருந்தவரிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

கிருமித்தொற்றுதான். மாத்திரையில் மூன்றாம் நாளே எரிச்சல் போய்விட்டது. சரியாகிவிட்டதே, நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். என் கணவர் டைரியைப் பிரித்துக் காட்டினார்: "பாதியில நிறுத்தினா கிருமி திரும்ப வரும், பலமா வரும்." முழுதாகச் சாப்பிட்டு முடித்தேன்.

அடுத்த திங்கட்கிழமை ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலோடு பள்ளிக்குப் போனேன். பத்தரை மணிக்குள் பாதி குடித்தாயிற்று. அதன் பிறகுதான் மற்றப் பாதி விஷயம் நினைவுக்கு வந்தது. வாளி, மைதானம், கதவு, தவளை. அறிவியல் டீச்சரைக் காவலுக்குக் கூப்பிட்டேன். என்ன திடீரென்று என்று கேட்டார். சொன்னேன். அவர் வாளியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "எனக்கும் வருஷத்துக்கு ரெண்டு தடவை வருது டீச்சர்" என்றார். மதியச் சாப்பாட்டுக்குள் எட்டுப் பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டோம். எட்டுப் பேருக்கும் வந்திருந்தது. எட்டுப் பேரும் சூடு என்று இளநீர் குடித்திருந்தோம். கழிவுநீக்க மண்டலம் பாடத்தை ஒவ்வொரு வருடமும் "நீங்களே படிச்சுக்குங்க" என்று தாண்டிவிடுவதாக அறிவியல் டீச்சர் ஒப்புக்கொண்டார். மாணவிகளின் பைகளைப் பார்த்தோம். பள்ளி விடும் நேரத்தில் முக்கால்வாசிப் பேரின் தண்ணீர் பாட்டில் காலையில் கொண்டுவந்தபடியே நிறைந்திருந்தது. அவர்களுடைய கழிவறையும் எங்களுடையதைப் போலத்தான். பழக்கத்தை எங்கே கற்றார்கள் என்று கேட்கத் தேவையில்லை.

தாளாளரிடம் மனு கொடுப்பது என்று முடிவானது. தாளாளர் எழுபது வயதுக்காரர், பள்ளிக்கு எதிர்வீடு, நல்ல மனிதர். ஆசிரியைகள் பேசும்போது தரையைப் பார்த்துத்தான் பதில் சொல்வார். மனு எழுதும் வேலை இயல்பாகவே தமிழாசிரியைக்கு வந்தது.

மூன்று நாள் உழைத்தேன். நீரின் இன்றியமையாமையில் தொடங்கினேன். நீர் தொடர்பாக ஆசிரியைகளும் மாணவிகளும் நாள்தோறும் சொல்லொணா இடர்ப்பாட்டுக்கு ஆளாவதைக் குறிப்பிட்டேன். உடலின் இயல்பான தேவையை உரிய காலத்தில் நிறைவேற்றிக்கொள்ளத் தக்க ஏற்பாடு செய்து தருமாறு பணிவன்புடன் வேண்டி முடித்தேன். அறிவியல் டீச்சர் படித்துவிட்டு, "டீச்சர், அந்த வார்த்தையே எங்கயும் வரலையே?" என்றார்.

"அதுலதான் அழகே இருக்கு" என்றேன்.

தாளாளர் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "கண்ணைத் திறந்துட்டீங்க டீச்சர். இத்தனை வருஷமா இது எனக்குத் தோணாமப் போச்சே. ஏற்பாடு பண்ணிடறேன்" என்றார். எட்டுப் பேரும் வெற்றியோடு வகுப்புக்குத் திரும்பினோம்.

இரண்டு வாரம் கழித்து ஒரு லோடு ஆட்டோவில் அது வந்தது. ஸ்டீலில் பளபளவென்று, மூன்று குழாய் வைத்த குளிர்ந்த குடிநீர் இயந்திரம்.

நாங்கள் எட்டுப் பேரும் அதைச் சுற்றி நின்று பார்த்தோம். அறிவியல் டீச்சர் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

வெள்ளிக்கிழமை திறப்பு விழா. பந்தல், பெற்றோர்கள், மைக், எல்லாம் உண்டு. ரிப்பன் வெட்டியதும் தாளாளர் தன் கையாலேயே ஒவ்வொரு ஆசிரியைக்கும் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். என்னிடம் வந்தபோது, "இன்னொண்ணு குடிங்க டீச்சர், உங்களாலதானே இது வந்துச்சு" என்றார். மறுக்க முடியவில்லை. மூன்று டம்ளர் குடித்தேன். ஐஸ்போல் இருந்தது.

சிறப்பு விருந்தினர் ஓய்வுபெற்ற ஒரு அதிகாரி. தண்ணீரைப் பற்றிப் பேசினார். மேட்டூரைத் திறந்தார். முக்கொம்புக்கு வந்து, கல்லணைக்கு வந்து, அங்கே நிதானமாக வெண்ணாற்றையும் கல்லணைக் கால்வாயையும் பிரித்துவிட்டார். ஒவ்வொரு மதகிலும் தண்ணீர் எப்படிச் சலசலவென்று பாய்கிறது என்று வாயால் சத்தமும் செய்து காட்டினார். இருபது நிமிடத்தில் நான் கால் மேல் கால் போட்டேன். முப்பதாவது நிமிடத்தில் காலை மாற்றினேன். நாற்பதாவது நிமிடம் கடைமடைக்கு வந்தபோது என் நெற்றியில் வியர்வை. பக்கத்து நாற்காலியில் கணக்கு டீச்சர் கண்களை மூடி எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்.

பிறகு என் பெயரைச் சொல்லி, "நன்றியுரை" என்றார்கள்.

இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். மைக் முன்னால் போய்த் தாளைப் பிரித்தேன். முதல் வரியைப் பார்த்தேன். இதைப் படித்து முடிக்க என்னால் முடியாது என்று நிச்சயமாகத் தெரிந்தது.

"ஐயா, தண்ணி ரொம்ப நல்லா இருக்குங்க" என்றேன். "ஆனா நாங்க கேட்டது தண்ணி இல்லீங்க. கக்கூஸ்."

ஒலிபெருக்கி அதைத் தெருமுனை வரை கொண்டுபோனது.

"கதவுக்குத் தாழ்ப்பா வேணும். உள்ள குழாயில தண்ணி வரணும். அது இல்லாம நாங்க யாரும் ஒண்ணுக்குப் போறதில்லை, தண்ணியும் குடிக்கறதில்லை. எனக்கு நீர்க்கடுப்பு வந்து காய்ச்சல்ல கிடந்தேன். எல்லா டீச்சருக்கும் வந்திருக்கு. பொம்பளைப் பிள்ளைங்க கொண்டு வர்ற தண்ணிய அப்படியே வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவுதுங்க, நீங்களே இன்னிக்குப் பையைத் திறந்து பாருங்க. மனுவை நான்தான் தப்பா எழுதிட்டேன். இப்ப எனக்கு அவசரம். நன்றி, வணக்கம்."

மேடையை விட்டு இறங்கி, பந்தலைக் கடந்து, சாலையைத் தாண்டி நேரே தாளாளர் வீட்டுக்குள் நடந்தேன். நடந்தேன் என்றுதான் எழுதுவேன். பார்த்தவர்கள் ஓடினேன் என்கிறார்கள். மூட்டுவலியால் விழாவுக்கு வராத அவருடைய மனைவி கூடத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மைக்கில் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். நான் வாய் திறப்பதற்குள், "நேராப் போய் வலதுகைப் பக்கம் டீச்சர், லைட் வெளிய இருக்கு" என்றார்.

அந்த வீட்டுக் கழிவறையில் தாழ்ப்பாள் இருந்தது. குழாயில் தண்ணீர் வந்தது. அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

வெளியே வந்தால் கூடத்தில் ஏழு ஆசிரியைகள் வரிசையில் நின்றார்கள். தாளாளரின் மனைவி காத்திருப்பவர்களுக்குச் சும்மா இருக்க வேண்டாமே என்று மோர் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதனால் வரிசை இரண்டாவது சுற்றும் போனது.

விழா முடிந்து வந்த தாளாளர் கோபப்படவில்லை. வருத்தப்பட்டார். வழக்கம்போல் தரையைப் பார்த்துக்கொண்டே, "கக்கூஸ்னு எழுதியிருக்கலாமே டீச்சர்" என்றார்.

"கூச்சமா இருந்துச்சுங்க."

"எனக்கும்தான் கூச்சம். அதுக்காக?" என்றார். "கட்டித் தர்றேன். அதுவரைக்கும் எல்லாரும் இங்கயே வாங்க."

வாங்க என்று சொல்வது எளிது. இடைவேளை பத்து நிமிடம். எட்டு ஆசிரியைகள். இரண்டாம் நாளிலிருந்து, தாளாளரின் மனைவி அழைத்ததால், பத்தாம் வகுப்பு மாணவிகளும் வந்தார்கள். தாளாளருக்குச் சர்க்கரை உண்டு. அவராலும் அதிக நேரம் அடக்க முடியாது. எங்கள் கால அட்டவணை அவருக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் நான் உள்ளே இருக்கும்போது கதவு மெதுவாகத் தட்டப்பட்டது.

"யாருங்க உள்ள?"

"தமிழ் டீச்சருங்க."

"ஒண்ணும் அவசரமில்லைங்க, மெதுவா வாங்க. மெதுவா வாங்க." பிறகு காலடி மாறி மாறி வைக்கும் சத்தம். "வந்துடுவீங்கள்ல?"

மறுநாள் காலை கொத்தனார் வந்துவிட்டார்.

ஆண்டுத் தேர்வு தொடங்குவதற்குள் ஆசிரியைகளுக்கு இரண்டு, மாணவிகளுக்கு ஆறு கழிவறைகள் எழுந்தன. நாப்கின் போடுவதற்கு மூடிவைத்த தொட்டி, கை கழுவச் சோப்பு, எல்லாம் உண்டு. தாழ்ப்பாள் விஷயத்தில் தாளாளர் எந்தக் குறையும் வைக்கக் கூடாது என்று ஒரு கதவுக்கு மூன்று போட்டுவிட்டார். மேலே, நடுவில், கீழே. முதல் வாரத்தில் மூன்றையும் போட்டுக்கொண்ட அறிவியல் டீச்சருக்குக் கீழ்த்தாழ்ப்பாள் இறுகிவிட்டது. கொத்தனாரைத் திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று. உள்ளேயிருந்தபடியே டீச்சர், தன் வகுப்பை யாராவது பார்த்துக்கொள்ளும்படியும், கழிவுநீக்க மண்டலம் நடத்த வேண்டிய நாள் இது என்றும் சொன்னார்.

எனக்கு அதன் பிறகு ஒரே ஒருமுறைதான் வந்தது. திருவாரூர்த் தேர் பார்க்கப் போனேன். வெயிலிலும் கூட்டத்திலும் காலையிலிருந்து மாலை வரை அடக்கிக்கொண்டு நின்றேன். மறுநாளே சுருக். இந்த முறை கட்டைவிரலில் எண்ணெய் தடவவில்லை. அன்றே மருத்துவரிடம் போய், பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் சிரமமில்லாமல் கேட்கும்படி, நீர்க்கடுப்பு என்றேன்.

தாளாளரின் மனைவிதான் இதில் குறைப்பட்டுக்கொண்டவர். கட்டடம் திறந்த மறுவாரம் சாலையைக் கடந்து வந்து, "அதென்ன, அங்க கட்டுனதும் இந்தப் பக்கம் ஒருத்தரும் எட்டிப் பாக்கறதில்லை?" என்று கேட்டார். ஆகவே வெள்ளிக்கிழமைகளில் பள்ளி விட்டதும் நாங்கள் நாலைந்து பேர் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறோம். யாராவது ஒருத்தி எழுந்து உள்ளே கழிவறைப் பக்கம் போனால் அவருக்கு ஒரு தனித் திருப்தி.